'நல்லா இருக்கேன்மா!' - இந்த வார்த்தையை அப்படியே நம்பிடாதீங்க!

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளின் உடம்பும் மனசும்

''தம்பி, பயலுக்கு என்னமோ பண்ணுது.''

தூத்துக்குடி முத்தையாபுரத்திலிருந்து அக்கா போன் பண்ணியபோது ராத்திரி ஒன்பது மணி இருக்கும். அக்கா மகன் பிரிட்டனில் எம்.எஸ்ஸி. படிக்கப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. ''ஏன்க்கா, போன் பண்ணலையா?'' என்றேன்.

''பண்ணுதானே! ஞாயித்துக்கிழமை தவறாமப் பண்ணுதான். 'நல்லா இருக்கேன்மா'ன்னுதான் சொல்லுதான். ஆனா, முன்னெல்லாம் போனை எடுத்ததும் 'இன்னைக்கு என்ன குழம்பு?'ன்னு கேப்பான். இப்ப மூணு வாரமா அதைக் கேக்கவே மாட்டேங்கான் தம்பி. வீடியோவும் வேண்டாங்கான்.''

எனக்குச் சிரிப்பு வந்தது. குழம்பு கேட்கவில்லை என்பதெல்லாம் ஒரு நோயா? ஆனாலும் அக்கா விடவில்லை. மறுநாள் ராத்திரி பதினொன்றரைக்கு (அங்கே மாலை ஆறு மணி) நானே அவனைக் கூப்பிட்டேன். ''என்னல மருமவனே, எப்படி இருக்க?'' என்றேன். ''நல்லா இருக்கேன் மாமா'' என்றான். ''ஏல, அம்மாகிட்ட சொல்லுத பதிலை எங்கிட்ட சொல்லாத. உண்மையைச் சொல்லு'' என்றதுதான் தாமதம்... எதிர்முனையில் சத்தமே இல்லை. பிறகு, இருபத்து மூன்று வயதுப் பையன் தேம்பித் தேம்பி அழுகிற சத்தம் கேட்டது.

வீட்டுப் பத்திரத்தை பேங்க்கில் வைத்துக் கடன் வாங்கி அனுப்பிய பிள்ளை. இரண்டு மாதமாக விடிய விடியத் தூக்கம் இல்லை. சாப்பாடு, பிரெட்டும் நூடுல்ஸும்தான். வகுப்புக்கு ஒரு வாரம் போகவில்லை. 'கடன் வாங்கி அனுப்பியிருக்காங்க, எந்த முகத்தோட சொல்ல?' என்று யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

பெற்ற தாய் கண்டுபிடித்துவிட்டாள். படித்த நான்தான் சிரித்தேன்!

இப்போது நம் தெருவுக்குத் தெரு வெளிநாட்டில் படிக்கும் பிள்ளை ஒன்று இருக்கிறது. விசா, ஃபீஸ், டிக்கெட், பெட்டியின் எடை எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். உடம்பையும் மனசையும் பற்றி மட்டும் 'பார்த்துக்கப்பா' என்ற ஒரே வார்த்தையோடு முடித்து விடுகிறோம். எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது? அதைத்தான் இங்கே பேசப் போகிறோம்.

வீட்டு நினைப்பும் ஒரு நோய்தானா?

கடல் தாண்டுவது தூத்துக்குடிக்குப் புதுசில்லை. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, இங்கிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்ட ஊர். வளைகுடா நாடுகளுக்கும் கப்பல் வேலைக்கும் போகிறவர்கள் இன்றும் நிறைய. ஆனால், வேலைக்குப் போகிறவர் பெரும்பாலும் நம்மூர் ஆட்கள் நாலு பேரோடு போய் ஓர் அறையில் தங்குவார். படிக்கப் போகிற பிள்ளை தனியாகப் போய், தனி அறையில் தங்குகிறது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

வீட்டு நினைப்பு என்பது பலவீனம் இல்லை. 1688-லேயே ஜோகன்னஸ் ஹோஃபர் என்ற ஸ்விஸ் மருத்துவ மாணவர் இதைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். ஊரை விட்டுத் தூரமாகப் போனவர்கள் சாப்பிடாமல், தூங்காமல் மெலிந்து போவதைப் பார்த்து, 'நோஸ்டால்ஜியா' என்று பெயர் வைத்தவர் அவர்தான். கிரேக்க மொழியில் 'வீடு திரும்புதல்', 'வலி' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து உண்டாக்கிய பெயர் அது. இப்போது அதை யாரும் தனி நோயாகக் கருதுவதில்லை. ஆனால், கவனிக்காமல் விட்டால் மனச்சோர்வு நோய்க்கு அது வழி திறந்துவிடலாம்.

போன உடனே இது வந்துவிடுவதும் இல்லை. முதல் சில வாரங்கள் கல்யாண வீடு மாதிரி! பனியைப் பார்த்தால் போட்டோ, ரயிலைப் பார்த்தால் போட்டோ. பிறகுதான் சரிவு. கனடாவில் பிறந்த மானிடவியல் அறிஞர் கலெர்வோ ஓபெர்க் 1950-களில் இதை 'கலாசார அதிர்ச்சி' என்று விளக்கினார். முதலில் மயக்கம், அடுத்து எரிச்சலும் சோர்வும், பிறகு மெள்ள மெள்ளப் பழக்கம், கடைசியில் 'இதுவும் நம்ம ஊர்தான்' என்ற நிம்மதி. எல்லோருக்கும் இதே வரிசையில் வர வேண்டும் என்றில்லை; சிலருக்கு முதல் வாரமே அழுகை வரும். ஆனாலும், 'இந்தச் சரிவு எனக்கு மட்டும் வந்ததல்ல, இது கடந்து போகும்' என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதி பயம் குறைந்துவிடும்.

என் மருமகனுக்கு அது தெரியாது. 'நான் மட்டும்தான் தோத்துட்டேன்' என்று நினைத்துக் கொண்டிருந்தான்.

போர்வைக்குள் நுழையத் தெரியாத மேதை

அவனுக்கு நான் அன்று சொன்னது ஒரு கும்பகோணத்துப் பையனின் கதை. கணித மேதை ராமானுஜன்தான்!

1914 மார்ச்சில் சென்னையில் கப்பல் ஏறி, ஏப்ரலில் லண்டன் போய் இறங்கினார். கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி. கேம்பிரிட்ஜிலேயே படித்துக் கொண்டிருந்த வங்காள மாணவர் மகலனோபிஸ் (பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியலின் தந்தை என்று புகழ் பெற்றவர்) ஒருநாள் அவர் அறைக்குப் போனார். ராமானுஜன் கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டிக் கொண்டு உட்கார்ந்திருந்தார். 'ராத்திரி குளிருக்கு ஓவர்கோட்டைப் போட்டுக் கொண்டுதான் படுக்கிறேன்' என்றார். போர்வை போதவில்லையோ என்று மகலனோபிஸ் படுக்கையறையில் போய்ப் பார்த்தால்... கட்டிலில் ஏகப்பட்ட கம்பளிகள்! எல்லாம் மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பு. கம்பளிகளை மடக்கித் திறந்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. மேலேயே படுத்து நடுங்கிக் கொண்டிருந்திருக்கிறார்!

உலகமே வியக்கும் கணக்குகளைப் போட்டவருக்குப் போர்வை தெரியவில்லை. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கும்பகோணத்தில் கோரைப் பாயில் படுத்தவருக்கு அது எப்படித் தெரியும்? யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

சாப்பாட்டு விஷயம் இன்னும் கொடுமை. சுத்த சைவம் என்பதால் கல்லூரிச் சாப்பாட்டைத் தொடாமல் தானே சமைத்துச் சாப்பிட்டார். போன அதே வருடம் முதல் உலகப் போர் மூண்டது. பொருட்களுக்குத் தட்டுப்பாடு. கணக்கில் மூழ்கினால் வேளாவேளைக்குச் சாப்பாடு கிடையாது, நேரத்துக்குத் தூக்கம் கிடையாது. ஒருமுறை நண்பர்களை அழைத்து விருந்து வைத்தார். ரசத்தை மூன்றாவது முறை ஊற்ற வந்தபோது விருந்தாளிப் பெண்கள் 'போதும்' என்று சொல்ல, மனம் நொந்து வீட்டை விட்டே போய்விட்டார். சில நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பணம் கேட்டுத் தந்தி வந்தது! தனிமையில் இருக்கிற மனசுக்குச் சின்ன உரசலும் பெரிய காயம் ஆகிவிடும் என்பதற்கு இதைவிட வேறு என்ன உதாரணம் வேண்டும்?

1917-ல் படுக்கையில் விழுந்தார். காசநோய் என்று வைத்தியம் பார்த்தார்கள். மனம் உடைந்து ஒரு கட்டத்தில் உயிரை விடவும் துணிந்து, நல்லவேளையாகக் காப்பாற்றப்பட்டார். 1918-ல் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ என்ற பெருமை கிடைத்தது. 1919-ல் நாடு திரும்பி, 1920 ஏப்ரல் 26-ம் தேதி சென்னையில் காலமானார். வயது 32 தான். அது காசநோய் அல்ல, ஊரில் இருந்தபோதே வந்த அமீபா சீதபேதி உள்ளுக்குள் தங்கி ஈரலைத் தாக்கியிருக்கலாம் என்று டாக்டர் யங் என்பவர் 1994-ல் எழுதினார். அதற்கு அந்தக் காலத்திலேயே மருந்து இருந்தது. அப்படியானால், 'எனக்கு முன்பு இந்த நோய் வந்திருக்கிறது' என்கிற பழைய மருத்துவ விவரம் எவ்வளவு முக்கியம் பாருங்கள்!

ராமானுஜன் காலத்தில் போன் இல்லை. கடிதம் போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆகும். இன்று எல்லாம் இருக்கிறது. கேட்கத் தயங்குவது மட்டும் அப்படியே இருக்கிறது.

தூக்கம், சாப்பாடு, வெயில்

மருமகனுக்குக் கஷ்டம் எங்கே ஆரம்பித்தது என்று ஒவ்வொன்றாக விசாரித்தேன். முதல் எதிரி, தூக்கம்.

பிரிட்டனில் மாணவர் விசாவில் இருக்கும் பட்டப்படிப்பு மாணவர்கள் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். இவன் அந்த 20 மணி நேரத்தையும் இரண்டு ராத்திரி ஷிஃப்ட்டாகப் பார்த்தான். மீதி ஐந்து நாளும் உடம்புக்கு ராத்திரி எது, பகல் எது என்று தெரியாமல் போய்விட்டது. முடிந்தவரை பகல் வேலையாகப் பாருங்கள். தூங்கும் நேரம் முன்னே பின்னே போனாலும், எழுந்திருக்கும் நேரம் தினமும் ஒன்றாக இருக்கட்டும். எழுந்ததும் அரை மணி நேரம் வெளிச்சத்தில் நடந்தால் உடம்புக் கடிகாரம் தானாகச் சரியாகும். விமானப் பயணக் களைப்புக்கும் இதே மருந்துதான். ஒரு மணி நேர வித்தியாசத்துக்குச் சுமார் ஒரு நாள் என்று கணக்கு. ஆக, போய்ச் சேர்ந்த முதல் வாரம் மந்தமாக இருந்தால் பயப்பட வேண்டாம்.

இரண்டாவது, வெயில். முத்தையாபுரத்தில் உப்பளத்து வெயிலைத் திட்டிக் கொண்டே வளர்ந்த பிள்ளை அவன். இங்கிலாந்தின் வட பகுதியில் டிசம்பர் மாதம் காலை எட்டு மணிக்குப் பிறகுதான் விடியும். மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். ராத்திரி வேலை பார்த்துப் பகலில் தூங்குகிறவன் வாரக் கணக்கில் சூரியனையே பார்க்க மாட்டான். வெயில் குறைந்தால் வைட்டமின் 'டி' குறையும். கறுத்த தோலுக்கு அந்த மங்கல் வெயில் போதவே போதாது. அக்டோபர் முதல் மார்ச் வரை தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் 'டி' எடுத்துக் கொள்ளும்படி பிரிட்டன் அரசே எல்லோருக்கும் சொல்கிறது. கறுத்த தோல்காரர்கள் வருடம் முழுவதும் எடுக்கலாம் என்றும் சொல்கிறது. சிலருக்கு குளிர்காலத்தில் மட்டும் மனச்சோர்வு வரும். அதற்கும் சிகிச்சை உண்டு.

மூன்றாவது, சாப்பாடு. 'சமைக்க நேரமில்லை' என்பதைவிட 'சமைக்கத் தெரியாது' என்பதே பல பையன்களின் உண்மை நிலை! கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு அடுப்படிக்குள் விடுங்கள் அம்மா. சாதம், பருப்பு, ரசம், முட்டை, ஒரு பொரியல், ஒரு குழம்பு. ஆறு அயிட்டம் தெரிந்தால் ஆறு மாதம் ஓடும். அங்கே டின்னில் கிடைக்கும் கொண்டைக்கடலை, ராஜ்மா, ஃப்ரீஸரில் கிடைக்கும் கீரை, பட்டாணி எல்லாம் விலை குறைவு. ஞாயிறு ஒருநாள் சமைத்து டப்பாக்களில் போட்டு ஃப்ரீஸரில் வைத்தால் வாரம் பூரா கவலையில்லை. பால், முட்டைகூடத் தொடாதவர்கள் வைட்டமின் பி-12 பற்றி டாக்டரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

இட்லிப் பொடி, சாம்பார்ப் பொடி கொடுத்தனுப்பலாம். ஆனால் ஆசை ஆசையாக நெய்யும், கறி வறுவலும் கட்டாதீர்கள். இங்கிருந்து பால், இறைச்சிப் பொருட்களைப் பிரிட்டனுக்குள் கொண்டு போக அனுமதி இல்லை. கருவாட்டை மூட்டை கட்டுவதற்கு முன்னாலும் போகிற நாட்டின் விதியைப் பாருங்கள்!

'டாக்டர்கிட்ட போனா விசா போயிடும் மாமா!'

''காலேஜ்ல கவுன்சலிங் இருக்குமே, போனியா?'' என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில்தான் இது. எந்த நண்பனோ கிளப்பிவிட்ட புரளி!

மனசு சரியில்லை என்று உதவி கேட்பதற்காக யாரும் விசாவை ரத்து செய்வதில்லை. உயிருக்கு ஆபத்து என்ற நிலை தவிர, கவுன்சலரிடம் பேசுவது ரகசியமாகவே வைக்கப்படும். உண்மையில் விசாவுக்கு ஆபத்து எது தெரியுமா? சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்குப் போகாமல் இருப்பதுதான்! தொடர்ந்து வராத வெளிநாட்டு மாணவர்களைப் பற்றி அங்குள்ள பல்கலைக்கழகங்கள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். உடம்பு முடியவில்லை என்று முன்கூட்டியே சொன்னால் பரீட்சைக்கோ பிராஜெக்ட்டுக்கோ அவகாசம் கேட்க வழி உண்டு.

காசுக்குப் பயந்து டாக்டரிடம் போகாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் காசுதான் ஏற்கனவே கட்டியாயிற்றே! பிரிட்டன் விசாவோடு மருத்துவக் கட்டணம் என்று வசூலிக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் மாணவர்களுக்கு அது ஆண்டுக்கு 776 பவுண்டாக உயர்ந்தது. அதைக் கட்டிய பிறகு 'ஜி.பி.' என்கிற குடும்ப டாக்டரைப் பார்க்கத் தனி ஃபீஸ் கிடையாது. ஆனால், போன முதல் வாரமே பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். ஜெர்மனியில் மருத்துவக் காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகத்தில் சேரவே முடியாது. ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு மாணவர் காப்பீடு விசாவுக்கே கட்டாயம். அமெரிக்காவில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் காப்பீடு கேட்கும். பல், கண் சிகிச்சை அதில் அடங்குமா என்று படித்துப் பாருங்கள்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

* பல் டாக்டரை இங்கேயே பார்த்துவிடுங்கள். சொத்தைப் பல்லோடு விமானம் ஏறினால் அங்கே பர்ஸும் சேர்ந்து வலிக்கும். கண்ணாடி போடுபவர் இரண்டு செட் கொண்டு போகட்டும்.

* தடுப்பூசி அட்டையைத் தேடி எடுங்கள். தட்டம்மை - பொன்னுக்கு வீங்கி - ருபெல்லா ஊசி இரண்டு தவணை போட்டாயிற்றா? ஹாஸ்டலில் கூட்டமாகத் தங்குபவர்களுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசியும் முக்கியம்.

* பிரிட்டனுக்கு ஆறு மாதத்துக்கு மேல் போகிறவர்கள் காசநோய்ப் பரிசோதனை செய்தாக வேண்டும். அங்கீகாரம் பெற்ற மையங்களில்தான் செய்ய வேண்டும்.

* ஆஸ்துமா, வலிப்பு, தைராய்டு, சர்க்கரை போன்றவற்றுக்கு மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். மருந்தின் பிராண்ட் பெயர் போதாது, மூலப்பெயர் வேண்டும். மருந்தை அட்டை, டப்பாவோடு கொண்டு போங்கள்.

* மனநல மருந்து சாப்பிடுபவர்கள், 'புது ஊர், புது வாழ்க்கை' என்று தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. மறைக்கவும் வேண்டாம்.

* இங்கே மாதிரி கடையில் போய் 'காய்ச்சலுக்கு ஒரு ஆன்டிபயாடிக் கொடுங்க' என்று கேட்க முடியாது. சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள்.

வீட்டில் இருக்கும் உங்களுக்கு...

இனி உங்கள் பங்கு. போனில் முதல் கேள்வியே 'படிப்பு எப்படிப் போகுது, வேலை கிடைக்குமா?' என்று இருந்தால் பிள்ளை வேறென்ன சொல்லும்? 'நல்லா இருக்கேன்' என்றுதான் சொல்லும்.

எங்கள் அத்தான் நல்ல மனிதர். ஆனால், ஒவ்வொரு ஞாயிறும் ''பேங்க்லேர்ந்து லெட்டர் வந்துச்சு'' என்று ஆரம்பிப்பார். அவர் தகவலுக்காகச் சொன்னார். பையன் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. அதன் பிறகு கடன் பேச்சு மாதம் ஒருநாள் மட்டும், அதுவும் என் மூலமாக என்று வைத்துக் கொண்டோம்.

'சாப்பிட்டியா' என்று கேட்பதைவிட 'என்ன சாப்பிட்ட' என்று கேளுங்கள். 'தூங்கினியா' என்பதைவிட 'எத்தனை மணிக்கு எழுந்த' என்று கேளுங்கள். பதிலில் உண்மை தானாக வரும். அடுத்த வீட்டுப் பையனோடு ஒப்பிடவே வேண்டாம். அழுதால், 'உடனே கிளம்பி வா' என்றும் சொல்லாதீர்கள். 'இதுக்கெல்லாம் அழலாமா' என்றும் சொல்லாதீர்கள். முழுவதும் கேளுங்கள். அதே சமயம் மணிக்கொரு தரம் போன் பண்ணாதீர்கள். நாள் முழுக்க வீட்டோடு பேசிக் கொண்டிருந்தால் அங்கே சிநேகிதம் எப்படிக் கிடைக்கும்?

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. வாரத்துக்கு ஒருவரிடமாவது புதிதாகப் பேசுங்கள். தமிழ்ச் சங்கம், கிரிக்கெட், கோயில், சர்ச், பள்ளிவாசல் எதுவானாலும் சரி. கூட்டத்தில் குடிக்கச் சொல்வார்களோ என்று பயந்து ஒதுங்க வேண்டாம். கையில் ஜூஸ் கிளாஸோடு நின்றால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

எப்போது உஷாராக வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, படிப்பில் கவனம், பிடித்த விஷயங்களில் ஆசை எல்லாம் குறைந்து போயிருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். பேச்சைக் குறைப்பது, முகம் காட்ட மறுப்பது, ராத்திரி முழுக்க விழித்திருப்பது எல்லாம் வீட்டுக்குத் தெரியும் அடையாளங்கள். 'நான் எல்லாருக்கும் பாரம்', 'இருந்து என்ன பிரயோசனம்' என்ற மாதிரிப் பேச்சு வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது. அவசர எண்கள்: பிரிட்டனில் 999, மனம்விட்டுப் பேச 116 123, அமெரிக்காவில் 911, மன நெருக்கடிக்கு 988, கனடாவிலும் 988, ஆஸ்திரேலியாவில் 000, ஐரோப்பிய நாடுகளில் 112. இங்கே பெற்றோர்கள் தங்கள் மனக் கவலையைச் சொல்ல, 2022-ல் தொடங்கிய மத்திய அரசின் டெலி-மானஸ் இருக்கிறது. 14416-க்குப் போன் பண்ணினால் தமிழிலேயே பேசலாம்.

மருமகன் அந்த வாரமே ஜி.பி.யிடம் போனான். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் 'டி' ரொம்பவே குறைவு. கவுன்சலரைச் சில முறை பார்த்தான். ராத்திரி வேலையை விட்டு, சனிக்கிழமை பகல் வேலைக்கு மாறினான். வருமானம் குறைந்தது; அதை நானும் அத்தானும் பங்கு போட்டுக் கொண்டோம். ஒரு பரீட்சையைத் தள்ளி எழுதினான். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. மார்ச் மாதம் வெயில் எட்டிப் பார்த்தபோதுதான் குரலிலும் தெளிவு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் பண்ணினாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்!

''தம்பி... பயல் இன்னைக்குக் கேட்டுட்டான்!''

''என்னக்கா கேட்டான்?''

''இன்னைக்கு என்ன குழம்புன்னு!''